புது பேட்டரி வாங்கும் முன்: பைக்கின் மின்கோளாறை நீங்களே கண்டுபிடிக்க

காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா, பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கிப் போடு. பெரும்பாலான வீடுகளிலும் பல பட்டறைகளிலும் இதுதான் தீர்ப்பு. புது பேட்டரி போட்டதும் வண்டி கிளம்பிவிடும். அதனால் தீர்ப்பு சரிதான் என்றும் தோன்றும். ஆனால் கோளாறு சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் இருந்தால், கடையில் ஏற்றிக் கொடுத்த மின்சாரம் தீரும் வரைதான் அந்தப் புது பேட்டரி ஓடும். பிறகு பழைய கதைதான். பேட்டரி இறங்கியிருப்பது அறிகுறி மட்டுமே. ஏன் இறங்கியது என்பதை நான்கு அளவுகள் சொல்லிவிடும்: வண்டி சும்மா நிற்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் ஓடும்போது, சாவியை அணைத்த பிறகு. இந்த நான்கையும் எடுக்காமல் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இதற்குத் தேவையான முக்கியக் கருவி ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். டிசி 20 வோல்ட், ஏசி 200 வோல்ட், 200 ஓம், பீப் சத்தம் தரும் கன்டினியூட்டி, தனித் துளையுடன் 10 ஆம்பியர் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எட்டு, பத்து நம்பர் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், சமையல் சோடா, வாசலின், உங்கள் வண்டிக்கான ஃப்யூஸ் இரண்டு, வயர் இணைத்த 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று. இவ்வளவுதான்.

முதலில் காது கொடுங்கள்

மீட்டரைத் தொடுவதற்கு முன், சாவியைப் போட்டு செல்ஃப் பொத்தானை அழுத்தி என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சாவி போட்டும் நியூட்ரல் விளக்கு, ஹார்ன் எதற்கும் உயிர் இல்லை என்றால், மெயின் ஃப்யூஸ், பேட்டரி டெர்மினல், இக்னிஷன் சுவிட்ச் மூன்றில் ஒன்று.

விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் அழுத்தினால் மட்டும் ஒரு சத்தமும் இல்லை என்றால் கோளாறு மெல்லிய வயர்கள் போகும் பாதையில் இருக்கிறது. கில் சுவிட்ச் தெரியாமல் அணைந்திருக்கலாம். கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் மண் அடைத்திருக்கலாம். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்கூட்டர் என்றால் பிரேக் சுவிட்ச், கடைசியாக செல்ஃப் பொத்தானேகூட. மழைக்காலத்தில் இந்தச் சுவிட்சுகள்தான் முதலில் தகராறு செய்யும்.

"டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்சான ரிலே இழுத்ததும் வோல்ட் சரிகிறது, ரிலே விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மீண்டும் இழுக்கிறது. அதுதான் அந்தத் தொடர் சத்தம்.

ஒரே ஒரு "டக்", பிறகு மௌனம் என்றால் அந்த நொடியில் விளக்குகளைக் கவனியுங்கள். நன்றாக மங்கினால் கரண்ட் பாய்கிறது. பேட்டரி வலுவில்லை, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது. மங்கவே இல்லை என்றால் கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை. ரிலேயின் உள்முனை கருகியிருக்கும், தடித்த கேபிள் விட்டிருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

மோட்டார் "ர்ர்ர்" என்று சுழல்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை என்றால் இது மின்கோளாறே இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. மெக்கானிக்கிடம் போகத்தான் வேண்டும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஹெட்லைட் நன்றாக எரிகிறது, அதனால் பேட்டரி நன்றாக இருக்கிறது" என்பார்கள். பல பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதே இல்லை. இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும் ஏசி மின்சாரத்தில் எரிகிறது. இன்ஜின் ஓடினால்தான் எரியும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரகாசம் கூடும். அதை வைத்துப் பேட்டரியை எடைபோட முடியாது. இன்ஜினை அணைத்துவிட்டு ஹார்ன், இன்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஹார்ன் சத்தம் கம்மினால் அது பேட்டரியின் குரல்.

டெர்மினல், எர்த், ஃப்யூஸ்

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வண்டியின் சட்டம் முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. எர்த் என்பது இந்த இணைப்புதான். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் சிவக்கும், பேட்டரி வெடிக்கவும் கூடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் என்பதால் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நுரை அடங்கியதும் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் தடவ வேண்டாம். டெர்மினலுக்குள் இருக்கும் சின்ன சதுர நட்டு கீழே விழுந்து காணாமல் போவது சகஜம். விரலால் பிடித்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றுங்கள். மாட்டியபின் கையால் அசைத்தால் துளியும் ஆடக் கூடாது.

மைனஸ் கேபிளின் மறுமுனை இன்ஜினிலோ சட்டத்திலோ போல்ட் போட்டிருக்கும். அந்த இடத்தில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் இந்த ஒரு போல்ட்டால் மாற்றப்பட்ட ஸ்டார்ட்டர் மோட்டார்கள் ஏராளம்.

ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மயிரிழை விரிசல் தெரியாது. கழற்றி, மீட்டரை பீப் நிலையில் வைத்து இரண்டு காலிலும் முனைகளை வையுங்கள். சத்தம் வந்தால் நல்லது. எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ் மட்டுமே போட வேண்டும். 10 எரிந்த இடத்தில் 20 போடுவதும், கம்பி சுற்றுவதும், சிகரெட் அட்டை ஃபாயில் வைப்பதும் ஃப்யூஸுக்குப் பதில் வயரிங்கையே எரிய விடுவதாகும்.

புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஃப்யூஸ் மேல் ஃப்யூஸாக எரிக்க வேண்டாம். ஃப்யூஸ் இருந்த துளைகளில் அந்த 21 வாட் பல்பின் இரு வயர்களையும் செருகுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். இப்போது ஹெட்லைட், டெயில் லைட், ஹார்ன், இன்டிகேட்டர் என்று கப்ளர்களை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிகளை, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அல்லது அணைகிறதோ அந்தக் கிளையில்தான் வயர் உரசியிருக்கிறது. பெரும்பாலும் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி, சீட்டுக்கு அடியில் சட்டம் உரசும் இடம், பின் மட்கார்டுக்குள் டெயில் லைட் வயர். வீட்டில் எலித் தொல்லை இருந்தால் டேங்குக்கு அடியிலும் பாருங்கள்.

முதல் அளவு: நிற்கும்போது

வண்டி ஓடி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் பொய் சொல்லும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் அளப்பதே நல்லது. மீட்டரை டிசி 20-இல் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸிலும் கறுப்பைப் மைனஸிலும் வையுங்கள். சாவி அணைந்திருக்க வேண்டும்.

12.6 முதல் 12.8 வோல்ட்: முழு சார்ஜ். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத விஆர்எல்ஏ வகை என்றால் 12.9 வரைகூடக் காட்டும்.
12.4: முக்கால்.
12.2: பாதி.
12.0: கால்தான் மிச்சம்.
11.8-க்குக் கீழே: காலி.

முழுமைக்கும் பாதிக்கும் அரை வோல்ட்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். "12 வோல்ட் காட்டுகிறதே, 12 வோல்ட் பேட்டரிதானே" என்று விட்டுவிடக் கூடாது. இன்னொரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: 10.5. இந்தப் பேட்டரிக்குள் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். இரவெல்லாம் சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. அந்தப் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது.

அளவு குறைவாக இருந்தால், அடுத்த சோதனைக்கு முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் ஏஹெச் (ஆம்பியர்-மணி) எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்: 9 ஏஹெச் என்றால் 0.9, ஸ்கூட்டரின் 4 ஏஹெச் என்றால் 0.4. கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜர் சின்ன பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் அளவு இருக்கிறதா என்று பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. ஆசிட்டும் கூடாது. மூடியே இல்லாத விஆர்எல்ஏ பேட்டரியைக் குத்தித் திறக்கக் கூடாது.

இரண்டாம் அளவு: செல்ஃப் அடிக்கும்போது

மீட்டர் முனைகள் பேட்டரியிலேயே இருக்கட்டும். செல்ஃபை மூன்று நொடி அடித்து, வோல்ட் எவ்வளவு வரை இறங்குகிறது என்று பாருங்கள். 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. 9.6-க்குக் கீழே போனால், முழு சார்ஜ் இருந்தும் சுமை தாங்கவில்லை. அதன் ஆயுள் முடிகிறது. நிற்கும்போது 12.7 காட்டிய பேட்டரி செல்ஃப் அழுத்தியதும் 7-க்கு விழுவது சாதாரணமாக நடக்கும். ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் கால் நிமிடம் இடைவெளி விடுங்கள்.

பேட்டரி 11 வோல்ட்டில் கம்பீரமாக நிற்கிறது, ஆனாலும் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது. இதை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை. தடித்த கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் சுழியம்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. கேபிளின் யோக்கியதை பெரும் கரண்ட் பாயும்போதுதான் தெரியும். அதனால் செல்ஃப் அடித்துக்கொண்டே அளக்க வேண்டும்.

மீட்டர் டிசி 20-இல். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலேயே வையுங்கள், கேபிளின் வளையத்தில் வேண்டாம். கறுப்பு முனை ஸ்டார்ட்டர் மோட்டாரில் கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில். பொத்தானை அழுத்தும் முன் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பதற வேண்டாம், ரிலே திறந்திருப்பதால் அப்படி. அழுத்தியதும் 0.5-க்குக் கீழே விழ வேண்டும். 1, 2 என்று நின்றால் அந்தப் பாதையில் அவ்வளவு வோல்ட் வீணாகிறது. ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே மட்டும் இதேபோல் அளந்தால், தவறு ரிலேயிலா கேபிளிலா என்று பிரிந்துவிடும். அடுத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து அடியுங்கள். 0.2-க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. இரண்டு பாதையும் சுத்தம், பேட்டரியும் சுத்தம் என்றான பிறகுதான் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் பார்க்க வேண்டும்.

மூன்றாம் அளவு: இன்ஜின் ஓடும்போது

சார்ஜ் ஆன பேட்டரியுடன் இன்ஜினை ஓடவிட்டு, முனைகளைப் பேட்டரியில் வைத்து, ஆக்சிலேட்டரை மெல்லத் திருகி 4000 ஆர்பிஎம் வரை கொண்டுபோங்கள். 13.8 முதல் 14.7 வரை ஏறி நின்றால் சார்ஜிங் சரி. சும்மா ஓடும்போது, ஹெட்லைட் எரிய 13 பக்கம் இருந்தால் கவலையில்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது என்பதால் அந்தச் சுமை எப்போதும் இருக்கும்.

4000-இலும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அதிகமாக ஏறுகிறது. பேட்டரி உப்பும், தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி போகும், அழுகிய முட்டை வாடை வரும். அதிகமாக ஏறுவதற்குப் பெரும்பாலும் ஆர்ஆர் யூனிட் எனப்படும் ரெக்டிஃபையர் ரெகுலேட்டர்தான் காரணம். காயில் தரும் ஏசியை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது இதுதான். அதன் எர்த்தை ஒருமுறை சுத்தம் செய்து பார்த்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

ஏறவே இல்லை என்றால் குற்றவாளிகள் மூவர்: மேக்னட் காயில், ஆர்ஆர் யூனிட், இடையில் உள்ள கப்ளர். கப்ளரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குச் செலவில்லை. ஆர்ஆர் யூனிட்டுக்கு வரும் வெள்ளை கப்ளர் பழுப்பாகிக் கருகியிருந்தால் அங்கேதான் பிரச்சினை. லூஸான உள்முனை சூடாகி உருகியிருக்கும்.

அடுத்து காயில். 150 சிசிக்கு மேற்பட்ட பல வண்டிகளில் காயிலிலிருந்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று வயர்கள் வரும். இன்ஜினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, 200 ஓம் நிலையில் இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளங்கள். மூன்றும் ஒன்றுபோல் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனைகளைத் தொட்டுவைத்தாலே 0.2, 0.3 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வயருக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே: தொடர்பே இருக்கக் கூடாது. பீப் வந்தால் காயில் எரிந்து எர்த் ஆகிவிட்டது. இந்தச் சோதனையில் தேறினாலும் நம்பாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி 200-க்கு மாற்றி, கழற்றிய கப்ளரில் அதே மூன்று ஜோடியையும் அளங்கள். ஆர்பிஎம் ஏற ஏற வோல்ட்டும் ஏற வேண்டும், மூன்றும் சமமாக இருக்க வேண்டும். 4000 பக்கத்தில் பல வண்டிகளில் 50 வோல்ட்டைத் தாண்டும், அதனால் வெறுங்கை படக் கூடாது. ஒரு ஜோடி மட்டும் பின்தங்கினால் காயில் மாற்ற வேண்டும். சின்ன 100 சிசி வண்டிகளில் வயர் எண்ணிக்கையும் அளவும் வேறு. அதன் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

காயில் தேறிவிட்டது, கப்ளர் சுத்தம் என்றால் மிச்சமிருப்பது ஆர்ஆர் யூனிட். காயில் தேவைக்கு மேல் தரும் மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்ப்பதே பல வண்டிகளில் அதன் வேலை. காற்றுப் படாமல் சேறு அப்பியிருந்தாலும், உலோகத்தோடு இறுக்கமாக மாட்டாமல் தொங்கினாலும் சீக்கிரம் போகும்.

ஒரு ஆபத்தான பழக்கத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட் கட்டுப்பாடில்லாமல் தாவும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின், கார்புரேட்டருக்குப் பதில் எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) பரவலாகிவிட்ட நிலையில், அது இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவையே பலிவாங்கிவிடும். பழைய வண்டியிலும் இதைச் செய்ய வேண்டாம்.

அளவு எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் கூடுதலாக மாட்டிய விளக்குகளைக் கணக்குப் பாருங்கள். 20 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் 40 வாட், கிட்டத்தட்ட 3.3 ஆம்பியர். சின்ன வண்டியின் காயில் அதைத் தாங்காது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது சார்ஜ் ஏறுவதைவிடச் செலவாவதே அதிகம்.

நான்காம் அளவு: சாவியை அணைத்த பிறகு

இரண்டு மூன்று நாள் நின்றால் மட்டும் பேட்டரி இறங்கும் வண்டிகளுக்கு இது. சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயரில் ஒன்றும் பேட்டரி மைனஸில் ஒன்றுமாக முனைகளை வையுங்கள். சுழியம் காட்டினால் மில்லி ஆம்பியர் துளைக்கு மாறலாம். இந்த நிலையில் சாவியைப் போட்டாலோ செல்ஃபைத் தொட்டாலோ மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

கடிகாரம் மட்டும் உள்ள வண்டியில் ஓரிரண்டு மில்லி ஆம்பியர் இயல்பு. 50 காட்டினால் ஒரு நாளைக்கு 1.2 ஏஹெச் ஒழுகுகிறது. 4 ஏஹெச் பேட்டரியில் இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி. முனைகள் இருக்கும்போதே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள், பிறகு வெளியே மாட்டிய ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதில் எண் விழுகிறதோ அதுதான். எல்லாவற்றையும் கழற்றியும் விழவில்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு உள்ளே கசிந்தால் அதன் வழியே பேட்டரி இறங்கும். மொபைல் சார்ஜரைப் பேட்டரியில் நேராக மாட்டாமல் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், தனி ஃப்யூஸ் வைத்து மாட்டினால் இந்தத் தலைவலி வராது.

வெயிலும் வெள்ளமும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் குளிர்காலத்தைப் பற்றியே எச்சரிக்கும். ஊட்டி, கொடைக்கானல் தவிர நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் கொள்ளும் கணக்கு. நிழலில் நிறுத்துவது பெயின்ட்டுக்காக மட்டும் இல்லை.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் நடந்ததுபோல் வண்டி மூழ்கிவிட்டால், சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். கப்ளர்களைப் பிரித்துக் காற்றடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இன்ஜின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பார்த்தாக வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பழைய பேட்டரியில் உள்ள அதே ஏஹெச், அதே அளவு, பிளஸ் அதே பக்கம். பிளஸ் மறுபக்கம் இருந்தால் வயரை இழுத்துக் கட்ட நேரிடும், அதுவே பிறகு உரசும். பேட்டரியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து, கடையில் பல மாதம் கிடந்ததைத் தவிருங்கள்.

ஆசிட் ஊற்றும் வகை என்றால் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, முதல் சார்ஜை முழுதாக ஏற்றிய பிறகே வண்டியில் மாட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் அப்படியே மாட்டினால் அந்தப் பேட்டரி கடைசிவரை முழுக் கொள்ளளவை எட்டாது. பக்கத்தில் உள்ள சின்னக் குழாயின் அடைப்பைக் கழற்றி, கசியும் வாயு செயின் மீதோ சைலன்சர் மீதோ படாத வகையில் டியூபைக் கீழே விடுங்கள். அடைப்போடு ஓட்டினால் பேட்டரி உப்பி வெடிக்கும். பழையதைக் கடையிலேயே கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஈயமும் ஆசிட்டும் உள்ள அதைக் குப்பையில் போடக் கூடாது.

மாட்டிய அன்றே மூன்றாம் அளவை மறுபடி எடுத்து, எண்ணைத் தேதியோடு சைடு பேனலின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அளக்கும்போது ஒப்பிட அது உதவும்.